மண்ணைக் கேட்டு மருந்தடி

"டாக்டர், மாட்டுக்கு உண்ணி மொய்க்குது, நல்ல மருந்தா ஒண்ணு குடுங்க." கால்நடை மருந்தகத்தில் இதைக் கேட்டு ஒருவராவது வராத நாள் அபூர்வம். நான் வேலை பார்த்த எல்லா ஊரிலும் இதே கோரிக்கைதான், பேச்சு வழக்கு மட்டும் மாறும். பதிலுக்கு நான் கேட்கும் கேள்விகளும் எங்கும் ஒன்றுதான். கடைசியாக மழை எப்போது பெய்தது? மாடு கட்டுத்தரையிலேயே நிற்கிறதா, மேய்ச்சலுக்குப் போகிறதா? போனால் எந்தப் பக்கம்? கொட்டகைச் சுவர் மண்ணா, சிமென்ட்டா? மாடு இங்கேயே பிறந்ததா, வெளியிலிருந்து வாங்கி வந்ததா? மருந்து வாங்க வந்தவருக்கு இதெல்லாம் சுற்றிவளைப்பாகத் தெரியும். ஆனால் இந்த ஐந்துக்கும் பதில் தெரியாமல் கொடுக்கும் மருந்து பாதிக்குப் பாதி வீணாகத்தான் போகும்.

கால்நடை உதவி மருத்துவராகச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை கூடலூர், தாராபுரம், திருத்துறைப்பூண்டி, முதுகுளத்தூர் என்று மலையும் மேட்டுநிலமும் கடைமடையும் வறண்ட சீமையும் சுற்றிவிட்டேன். அலமாரியில் இருந்த மருந்துகள் எல்லா இடத்திலும் அதேதான். உண்ணி மட்டும் ஊருக்கு ஒரு விதமாக நடந்துகொண்டது. அந்த வித்தியாசம் மாடு வைத்திருப்பவர்களுக்கும், புதிதாக வேலைக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம் மாடுகளில் அதிகம் பார்ப்பது ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்ற உண்ணி. பழைய பாடப்புத்தகத்தில் பூபிலஸ் என்று இருக்கும். ஏறிய மாட்டிலேயே வளர்ச்சி முழுவதையும் முடித்துக்கொள்ளும் ஜாதி இது. ஆறு கால் குஞ்சாகப் புல்லிலிருந்து மாட்டின் மேல் தொற்றும். அங்கேயே இரண்டு முறை தோலுரித்து, எட்டுக் கால் உண்ணியாகி, இணைசேர்ந்து, ரத்தம் குடித்துப் பெருத்து, ஏறிய சுமார் 3 வாரத்தில் தானாகக் கீழே விழும். ஆமணக்குக் கொட்டை போலத் தொங்குகிறதே, நாம் பிடுங்கிப் போடுகிற அந்தப் பெரிய உண்ணி, அது கடைசி ஓரிரு நாளில்தான் அப்படிப் பெருக்கிறது. கீழே விழுந்த பெண் உண்ணி கல்லுக்கடியிலோ புல் தூரிலோ ஒதுங்கி, 2000 முதல் 3000 முட்டை வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும்.

இதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வானிலையின் கையில். மாட்டின் மேல் இருக்கும் 3 வாரமும் உண்ணிக்கு ஊட்டியும் ராமநாதபுரமும் ஏறக்குறைய ஒன்றுதான். மாட்டின் உடற்சூடு எங்கும் மாறுவதில்லை. தரையில் விழுந்த பிறகுதான் ஊர் குறுக்கே வருகிறது. முட்டைக்குச் சூடும் வேண்டும், ஈரமும் வேண்டும். இரண்டும் கூடினால் 3, 4 வாரத்தில் பொரித்துவிடும். குளிரில் அதே முட்டை மாதக்கணக்கில் கிடக்கும், கடுங்குளிரில் பொரிக்காமலே கெட்டுப்போகும். ஈரமில்லாத வெயிலில் வற்றிச் சுருங்கும். குஞ்சின் ஆயுளும் அப்படியே. சுடுகிற வெறுந்தரையில் சில வாரம். நிழலும் ஈரமும் உள்ள புல்லில், எதுவும் தின்னாமலே பல மாதம். ஆகவே எந்த ஊரை எடுத்தாலும், உண்ணிகளில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாமல் தரையில் கிடக்கிறது. மாட்டின் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான்.

இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது கூடலூரில். சுமார் 1000 மீட்டர் உயரத்து ஊர், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது. மழை வெறித்த புரட்டாசி, ஐப்பசிக் காலைகளில் ஒரு வெள்ளைத் துண்டைப் புல்லின் மேல் இழுத்துக்கொண்டே நடப்பேன். பத்தடி போய்த் துணியைத் திருப்பிப் பார்த்தால் பழுப்புப் புள்ளிகள் கூட்டமாக அசையும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் முன்னங்கால் இரண்டையும் தூக்கிக் காற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். அந்தக் காலின் நுனியில்தான் அதன் மோப்ப உறுப்பு இருக்கிறது. மாடு விடும் மூச்சையும் அதன் உடற்சூட்டையும் அதை வைத்தே தெரிந்துகொள்கிறது. வெயில் ஏறினால் தூருக்கு இறங்கி, காய்ந்த உடம்புக்கு ஈரம் சேர்த்துக்கொண்டு, சாயங்காலம் மறுபடி நுனிக்கு ஏறும். "பனி உலர்ந்த பிறகு மாட்டை அவிழ்த்துவிடுங்கள்" என்று அங்கே நான் எல்லோரிடமும் சொன்னது இதனால்தான். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எளிதல்ல என்பதும் தெரியும். முடிந்தவர்கள் செய்தார்கள், அவர்கள் மாட்டில் பொடி உண்ணி குறைந்ததையும் பார்த்தேன்.

மழை வந்தால் உண்ணி, வெயில் வந்தால் நிம்மதி என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. காட்டோரத்தில் ஹீமாபைசாலிஸ் என்று வேறொரு ஜாதி உண்டு. இது பருவத்துக்கு ஒரு பிராணி என மூன்று பிராணிகளில் ஏறி இறங்கும்: குஞ்சாகவும் நடுப்பருவத்திலும் எலி, பறவை, குரங்கு, மனிதர்கள் மீது, வளர்ந்தபின் மாடு போன்ற பெரிய பிராணிகள் மீது. 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலைப் பரப்புவது இந்தக் குடும்பத்து உண்ணிதான். பிற்காலத்தில் பந்திப்பூர், வயநாடு வரை அந்தக் காய்ச்சல் வந்திருக்கிறது. அது மனிதர்களைப் பிடிப்பது மழையில் அல்ல; மழை ஓய்ந்து, நடுப்பருவ உண்ணி பெருகும் டிசம்பர் முதல் மே வரையிலான உலர்ந்த மாதங்களில். மாட்டுக்கு அந்த நோய் வருவதில்லை. ஆனால் காட்டில் மேயும் மாடு அந்த உண்ணி பெருக இடம் கொடுக்கிறது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டுக்குள் போகிறவர்களிடம், திரும்பியதும் உடம்பைப் பார்த்து உண்ணியை எடுத்துப் போடச் சொல்வது கால்நடை மருத்துவரின் வேலையும்தான்.

கூடலூரிலிருந்து மலையேறி ஊட்டிக்குப் போனால் கதை வேறு. மார்கழி, தை மாதங்களில் புல்லில் உறைபனி விழும் ஊர். தரையில் விழுந்த முட்டை தேறுவது கடினம். மாடுகளில் உண்ணி குறைவு, பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். அந்தச் சுத்தமான மாட்டை நல்ல விலைக்கு வாங்கிச் சமவெளிக்கு இறக்கும்போதுதான் ஆபத்து. உண்ணிக் கடியே அறியாமல் வளர்ந்த மாடு, முதல் மழைக்காலத்திலேயே காய்ச்சலில் விழும். மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். பபேசியா என்ற ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். காது நரம்பிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி, ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவத்தில் இரண்டிரண்டாக ஒட்டி நிற்கும். பார்த்தவுடன் ஊசி போட்டால் மாடு தப்பும். இரண்டு நாள் தாமதித்தால் சொல்ல முடியாது.

இதே கதை அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்தது. டெக்சாஸிலிருந்து வடக்கே ஓட்டிப் போன மாடுகள் நன்றாகவே இருக்கும். அவை நடந்த வழியில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் கொத்துக்கொத்தாகச் சாகும். வடக்கின் பனிக்காலம் உண்ணியை ஒழித்துவிடுவதால் அங்கத்திய மாடுகளுக்கு எதிர்ப்பே கிடையாது. இந்த நோயை உண்ணிதான் கடத்துகிறது என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-இல் நிறுவினார்கள். கடித்துண்ணும் சிற்றுயிர் ஒன்று நோயைக் கடத்துகிறது என்பதைத் தெளிவாக நிறுவிய முதல் ஆராய்ச்சிகளில் அது ஒன்று. இன்னொன்றும் தெரிந்தது: நோயுற்ற மாட்டின் ரத்தத்தைக் குடித்த தாய் உண்ணி, முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கே கிருமியைக் கொடுத்துவிடுகிறது. அதாவது புல் நுனியில் காத்திருக்கும் குஞ்சு, இதுவரை எந்த மாட்டையும் கடிக்காமலே கிருமியோடு இருக்க முடியும். 1906-இல் அங்கே தொடங்கிய உண்ணி ஒழிப்பு இயக்கம் 1943 வரை நடந்தது. மெக்சிகோ எல்லையோரம் ஒரு பட்டையைத் தவிர மற்ற இடங்களில் ஒழித்தார்கள். மாடுகளை மருந்துத் தொட்டியில் இறக்கி, உண்ணியின் 3 வாரக் கணக்கை முந்திக்கொண்டு திரும்பத் திரும்ப முக்கியெடுத்ததுதான் அதன் அடிப்படை. அந்தக் கணக்கு இன்றும் பொருந்தும்.

தாராபுரத்துக்கு மாற்றலாகி வந்தபோது, மழை குறைந்த ஊர், உண்ணித் தொல்லை குறையும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கொறங்காட்டைப் பொறுத்தவரை அது சரி. கிளுவை முள்வேலி போட்டுத் தடுத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் வளர்த்த அந்த மேய்ச்சல் நிலங்களில், காங்கயம் மாடுகளை ஒரு தடுப்பில் மேய்த்து முடித்து அடுத்த தடுப்புக்கு மாற்றுவார்கள். மாடு வராத தடுப்பில் பங்குனி, சித்திரை வெயிலில் குஞ்சுகள் பட்டினியிலும் சூட்டிலும் செத்துவிடும். காங்கயம் மாட்டின் தோலும் சும்மா இருப்பதில்லை. மயிர் குட்டை, தோல் சிலிர்த்து உதறும், நாக்கால் நக்கி உண்ணியை எடுக்கும், கடித்த இடத்தில் உண்ணி வயிறு நிறையக் குடிக்க முடியாதபடி உடம்பே எதிர்க்கும். ஜெர்சி கலப்பினத்தில் இந்தத் தற்காப்பு அந்த அளவுக்கு இல்லை.

அந்த ஊரில் பிரச்சினை கட்டுத்தரைக்குள் இருந்தது. ஒரு சித்திரை மாதம், ஒற்றைக் கலப்பினப் பசுவை வைத்துக் குடும்பம் நடத்திய ஒரு அம்மா என்னைக் கூட்டிப்போனார். "போன வாரம் வரைக்கும் எட்டு லிட்டர் கறந்துச்சுங்க டாக்டருங்க. இப்ப தண்ணியே தொட மாட்டேங்குது. மேய்ச்சலுக்கே உட்டதில்லீங்க. கட்டுத்தரையிலயே நிக்கிற மாட்டுக்கு உண்ணி எங்கிருந்துங்க வரும்?" காய்ச்சல் 106 டிகிரி. தோள்பட்டைக்கு முன்னால் தடவினால் கைக்குள் அடங்காத நெறிக்கட்டி. கண்ணிமை வெளுத்துக் கிடந்தது. மடியோரத்திலும் வால்குஞ்சத்துக்குள்ளும் கால்களில் வெளிர்ப்பட்டை போட்ட பெரிய உண்ணிகள். அந்த அம்மாவிடம் ஒரு பழைய கத்தி கேட்டு வாங்கி, கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவரின் இடுக்கைக் கீறினேன். உள்ளே வரிசையாக உண்ணி. தோலுரித்த கூடு, உரிக்கக் காத்திருக்கும் நடுப்பருவம், முட்டை எல்லாம் அந்த ஒரு விரிசலுக்குள்.

அது ஹயலோமா. வறட்சியைத் தாங்கும் ஜாதி, வெயில் காலத்தில்தான் வேகம் அதிகம். நடுப்பருவத்தில் ரத்தம் குடித்துவிட்டு மாட்டிலிருந்து இறங்கிச் சுவர் இடுக்கில் ஒளிந்து தோலுரிக்கும். வளர்ந்த உண்ணியாகி மறுபடி மாட்டில் ஏறும். அப்படி ஏறும்போது முன்பு குடித்த ரத்தத்தில் இருந்த தைலேரியா கிருமியைக் கொடுத்துவிடும். தைலேரியாவுக்குப் புபார்வகுவோன் ஊசி உண்டு, விலை அதிகம், முதல் சில நாட்களில் போட்டால்தான் முழுப் பலன். அந்தப் பசு பிழைத்தது; பால் பழைய அளவுக்கு வரவில்லை. அந்த வட்டாரத்தில் மாட்டின் மேல் மருந்தடிப்பதைவிடச் சுவரைப் பூசுவதே முதல் சிகிச்சை என்று அதற்குப் பிறகு ஊர் ஊராகச் சொன்னேன். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும் கையோடு கட்டுத்தரைச் சுவரின் விரிசலெல்லாம் சிமென்ட் வைத்து அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். வெயில் ஏறி உண்ணி வெளியே வருமுன் தை மாதமே அதற்கு ஏற்ற சமயம்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் உம்பளச்சேரி மாடுகளின் ஊர். ஐப்பசி, கார்த்திகையில் வயலெல்லாம் தண்ணீர். மாடு நிற்க வாய்க்கால் கரையும் குளக்கரையும் தெரு மேடும்தான் மிச்சம். ஊர் மாடெல்லாம் அந்தத் துண்டு நிலத்தில் நெருக்கியடித்து நிற்கும். ஒரு மாட்டிலிருந்து விழுவது பக்கத்து மாட்டுக்காகவே விழுந்தது மாதிரி ஆகிவிடும். தை அறுவடைக்கு முன்பே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவதால் அது முடிகிற சித்திரை வரை மாட்டுக்கு வயலும் கிடையாது. மேடும் கரையும் அத்தனை மாதமும் உண்ணி விளையும் நிலமாக இருக்கும். கடற்காற்றின் ஈரம் வேறு. அங்கே நான் சொன்னது, மாடு கட்டும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், பழைய இடத்துச் சாணத்தையும் குப்பையையும் வழித்துக் குழியில் போடுங்கள் என்பதுதான். முதுகுளத்தூர் வெயிலில் திறந்தவெளியில் உண்ணி தேறுவதில்லை. நடுப்பகலில் மாடுகள் ஒதுங்கும் சீமைக்கருவேல நிழலில் மட்டும் தேறும். துண்டை இழுத்துப் பார்த்தால் நிழல் முடிகிற இடத்தில் உண்ணியும் முடிந்துவிடும்.

இத்தனை ஊரும் பார்த்த பிறகு எனக்கு உறுதியான ஒன்று: உண்ணி அதிகமுள்ள ஊர்தான் ஆபத்தான ஊர் என்பதில்லை. ஆண்டு முழுக்க ஓரளவு உண்ணி உள்ள ஊரில், கன்று சிறு வயதிலேயே பபேசியாவையும், அனபிளாஸ்மா என்ற இன்னொரு ரத்தக் கிருமியையும் சந்தித்துவிடும். ஒன்பது மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு அவற்றைத் தாங்கும் இயற்கைச் சக்தி இருக்கிறது. லேசாக வந்து போகும், எதிர்ப்பு நிலைத்துவிடும். கடுங்குளிரோ நெடுங்கோடையோ உண்ணியை அறுத்துவிடும் ஊரில் சில ஆண்டுக் கன்றுகள் அவற்றைச் சந்திக்காமலே வளர்கின்றன. பிறகு ஒரு நல்ல மழை ஆண்டு வந்தால், கறவையில் இருக்கும் மாடுகளே விழுகின்றன. தைலேரியாவுக்கு இந்தச் சலுகை கிடையாது; கலப்பினக் கன்றையும் அது கொல்லும். பருவம் தப்பிப் பெய்யும் கோடை மழை கூடிவரும் இந்தக் காலத்தில், இடையில் நிற்கும் ஊர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் எதுவானாலும் அளவு குறைத்து, முதுகில் மட்டும் தெளித்து, உண்ணி தெரிந்தபோதெல்லாம் அடித்தால், சாகாமல் தப்பியவை பெற்றுப் பெருகி மருந்துக்கு மசியாத கூட்டமாகிவிடும். நாட்டின் பல பகுதிகளில் டெல்டாமெத்ரினுக்கு உண்ணி மசிவதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியான ஒன்று. பயிருக்கு அடிக்கும் விஷத்தை மாட்டுக்கு அடிப்பதையும் பார்த்திருக்கிறேன். அது மாட்டுக்கும் பால் குடிக்கும் குழந்தைக்கும் கேடு. கறவை மாட்டுக்கு ஐவர்மெக்டின் ஊசியை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது, அது பாலில் இறங்கும். பூண்டு, வேப்பிலை, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை அரைத்து வடிகட்டித் தெளிக்கும் மூலிகை முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் சொல்லிக்கொடுக்கிறது. லேசான தாக்குதலுக்கு அது போதும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஒரு மாட்டை முழுதாக நனைக்க 3, 4 லிட்டர் மருந்துத் தண்ணீர் வேண்டும். காதின் உட்புறம், அலைதாடி, மடிக்கும் தொடைக்கும் இடை, வாலடி, இவை நனையாவிட்டால் அடித்ததற்குப் பயனில்லை. எப்போது அடிப்பது என்பதே பெரிய கேள்வி. மாடு முழுக்க உண்ணி தொங்கும்போது அடிப்பது ஆறுதலுக்குத்தான். அதற்குள் முன்பே கீழே விழுந்தவை ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டாகிவிட்டது. ஈர ஊர்களில் மழைக்கு முன்பு, உண்ணி மிகக் குறைவாக இருக்கும்போதே தொடங்கி, 2 வாரத்துக்கு ஒருமுறை மூன்று நான்கு தடவை ஊரே சேர்ந்து அடித்தால் முதல் தலைமுறையே அறுபடும். கொட்டகை ஊர்களில் தையிலேயே சுவரை அடைக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கி வந்த மாட்டை மற்ற மாடுகளோடு உடனே கட்டாமல், தனியே கட்டி, மருந்தடித்து, ரத்தப் பூச்சு பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

இளம் மருத்துவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புதிய ஊருக்கு மாற்றலாகிப் போனால் முந்தைய ஊரின் அட்டவணையை அங்கே கொண்டுபோகாதீர்கள். ஒரு நோட்டு போடுங்கள். இடப்பக்கம் அந்த ஊரின் மழை, வெயில், பனி. வலப்பக்கம் எந்த வாரம் எந்த உண்ணி, மாட்டில் எந்த இடத்தில், என்ன காய்ச்சல். இரண்டு ஆண்டு எழுதினால் அந்த ஊருக்கு மட்டுமான கணக்கு கையில் வந்துவிடும். மருந்துச் செலவு குறையும், அதைவிட முக்கியம், ஒற்றை மாட்டை நம்பி இருக்கும் வீடுகளில் மாடு தப்பும். மாற்றல் உத்தரவு வரும்போது அந்த நோட்டை அடுத்து வருபவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.